பழைய சொகுசு காரில் பழுது கண்டுபிடிப்பது எப்படி: புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி, ஜாகுவார், லெக்ஸஸ் போன்ற கார்கள், புதிதாக விற்ற விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைத்துவிடுகின்றன. ஆனால் அவற்றின் உதிரிபாகங்களும் பட்டறைக் கூலியும் அந்தப் பழைய விலையை மனத்தில் வைத்தே இன்றும் கேட்கப்படுகின்றன. புதிதாக வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். டேஷ்போர்டில் ஒரே நேரத்தில் நான்கு எச்சரிக்கை விளக்குகள் எரியும். ஒரு பட்டறை கியர்பாக்ஸ் என்று சொல்லும், இன்னொன்று கம்ப்யூட்டர் என்று சொல்லும், மூன்றாவது இரண்டையும் மாற்றச் சொல்லும். இப்படிப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கிய பிறகு எனக்குப் பிடிபட்ட சோதனை வரிசையை, மற்றவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

இந்த வயதுக் கார்களில் மின்னணுப் பழுது போலத் தோன்றுவது, பெரும்பாலும் தளர்ந்த பேட்டரி, உள்ளே புகுந்த தண்ணீர், வயதாகி நொறுங்கிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் என்ற மூன்றில் ஒன்றில் போய் முடிகிறது. ஆகவே காசு செலவாகாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, பாகம் மாற்றுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

1. பானெட்டைத் திறக்கும் முன் காகிதங்களைச் சேருங்கள்

முன் கண்ணாடியின் கீழ் மூலையிலோ கதவுத் தூணிலோ உள்ள 17 இலக்க அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் இந்த எண்ணில் வருவதில்லை; எனவே ஓ போலத் தெரிவது பூஜ்யம், ஐ போலத் தெரிவது ஒன்று. ஒரே மாடலில் ஆண்டின் நடுவிலேயே பாகங்கள் மாற்றப்பட்டிருக்கும் என்பதால், மாடல் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்கிய பாகம் பொருந்தாமல் போவது சாதாரணம். அடையாள எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணைப் பெறுவதே பாதுகாப்பானது. இதே எண்ணைக் கொண்டு, நிறுவனம் பழுதுநீக்கத்துக்காகத் திரும்ப அழைத்த கார்களில் உங்களுடையதும் இருக்கிறதா என்று பாருங்கள். தகாட்டா நிறுவனம் செய்த குறையுள்ள ஏர்பேக் போன்ற பாதுகாப்புக் குறைகளை முதல் உரிமையாளரிடம் மட்டுமல்லாமல் இப்போதைய உரிமையாளரிடமும் காசு வாங்காமலே சரிசெய்து தருகிறார்கள்.

அடுத்ததாக, கார் தொழிற்சாலையிலிருந்து என்னென்ன வசதிகளுடன் வெளிவந்தது என்ற பட்டியல் வேண்டும். மெர்சிடிஸுக்கு டேட்டா கார்டு இருக்கிறது. ஆடி, ஃபோக்ஸ்வேகன் கார்களில் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியருகிலும் சர்வீஸ் புத்தகத்திலும் குறியீடுகள் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காரின் சஸ்பென்ஷன் காற்றில் இயங்குவதா, ஹைட்ராலிக்கா, சாதாரண ஸ்பிரிங்கா என்பதுகூட இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரியவருகிறது.

பழைய பில்களைத் தூக்கி எறியாதீர்கள். ஒரே பாகம் இரண்டு மூன்று முறை மாற்றப்பட்டிருந்தால், கெட்டது அந்தப் பாகமில்லை, அதைக் கெடுக்கும் வேறொன்று இன்னும் காரில் இருக்கிறது என்று பொருள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் திரும்பத் திரும்ப மாற்றப்பட்ட லெக்ஸஸ் எல்எஸ்400-இல், மேலிருந்து சொட்டும் பவர் ஸ்டீயரிங் ஆயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பழுது எப்போது வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னா, எந்த வேகத்தில், மழைக்குப் பிறகா, எரிபொருள் நிரப்பியவுடனா. ‘பார்த்துச் சரிசெய்யுங்கள்’ என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தால், பில் எங்கே போய் நிற்கும் என்று முடிவு செய்யும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

2. பேட்டரியைச் சோதிக்காமல் எந்த எச்சரிக்கையையும் நம்பாதீர்கள்

இந்தக் கார்களில் கதவு, இருக்கை, கண்ணாடி, சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. மின்னழுத்தம் குறைந்தால் அவை ஒன்றையொன்று தொடர்புகொள்ள முடியாமல், ஆளுக்கொரு பிழையைப் பதிவு செய்துவிடும். ஆகவே ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மூன்று அளவுகளைப் பாருங்கள். இரவு முழுதும் நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் மிச்சம். ஸ்டார்ட் செய்யும் நொடியில் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.7-க்கும் இடையில் காட்ட வேண்டும்.

சில கார்களில் இரண்டு பேட்டரிகள் உண்டு. மெர்சிடிஸ் ஆர்230 எஸ்எல் (ஆர்230 போன்றவை ஒவ்வொரு தலைமுறை மாடலுக்கும் நிறுவனம் வைத்த குறியீடுகள்) போன்றவற்றில் ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்யவும் மற்றொன்று ஏனைய வசதிகளுக்குமாக இருப்பதால், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பழுது தீரவில்லை என்று புலம்புபவர்கள் நிறைய.

நான்கு நாள் நின்றாலே பேட்டரி இறங்கிவிடுகிறதென்றால், எங்கோ மின்சாரம் கசிகிறது. இதைக் கண்டுபிடிப்பதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு: காரைப் பூட்டியதும் பெட்டிகள் உடனே தூங்குவதில்லை. மாடலைப் பொறுத்துக் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை அவை விழித்திருக்கும். பானெட்டையும் கதவையும் திறந்துவைத்து, அவற்றின் பூட்டுகளை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, சாவியைக் காருக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். அதன் பிறகும் பேட்டரியிலிருந்து 50 மில்லிஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடினால்தான் அது கசிவு. ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். திரும்பச் செருகும்போது பெட்டி விழித்துக்கொள்ளும். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை வைத்து மில்லிவோல்ட்டில் அளந்தால், பூஜ்யம் காட்டாத ஃபியூஸின் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. பி.எம்.டபிள்யூ. ஈ39, ஈ46 கார்களில் ஏ.சி. ப்ளோவரின் ரெசிஸ்டர் இப்படி இரவில் பேட்டரியைக் குடிப்பதில் பெயர் பெற்றது.

புதிய பேட்டரி போடும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் காரில் பேட்டரியைப் பதிவு செய்ய வேண்டுமா? 2000-களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த பல பி.எம்.டபிள்யூ., ஆடி கார்கள் பேட்டரியின் வயதைக் கணக்கில் வைத்துச் சார்ஜ் செய்கின்றன. பதிவு செய்யாவிட்டால், பழைய பேட்டரிக்குரிய முறையிலேயே புதியதும் சார்ஜ் செய்யப்பட்டு, அதன் ஆயுள் குறையும். வேலை சில நிமிடங்களில் முடிவது. கேட்காவிட்டால் பல இடங்களில் செய்யமாட்டார்கள்.

3. ஸ்கேனர் சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

1996-க்குப் பின் அமெரிக்காவிலும், 2001-க்குப் பின் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களிலும் 16 முனைகள் கொண்ட பொதுவான ஸ்கேனர் இணைப்பு கட்டாயமானது. மலிவான ஸ்கேனரும் அதில் பொருந்தும், ஆனால் அது எஞ்சினை மட்டுமே படிக்கும். ஏர் சஸ்பென்ஷன், ஏர்பேக், கதவுகள் ஆகியவற்றைப் படிக்க அந்தந்த நிறுவனத்துக்கான மென்பொருள் வேண்டும்: மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி, பி.எம்.டபிள்யூ.வுக்கு இஸ்டா, ஆடிக்கு வி.சி.டி.எஸ்., ஜாகுவாருக்கு எஸ்.டி.டி. பட்டறைக்குப் போகும் முன் இதில் எது அவர்களிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத இடத்தில் உங்கள் காரை விடாதீர்கள்.

முதல் ஸ்கேனிலேயே பிழைகளை அழித்துவிட வேண்டாம். எல்லாவற்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள், பிழை பதிவான நொடியில் எஞ்சின் வேகம், வெப்பம், சுமை என்ன என்று சேமித்துவைக்கப்பட்ட விவரமும் அதனுடன் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். பிறகு அழித்து, ஓட்டி, எவை திரும்ப வருகின்றன என்று பாருங்கள். பேட்டரி இறங்கியபோது பதிவான குப்பைகள் திரும்ப வரா.

பிழைக் குறியீடு எதை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எந்த அளவு எல்லை மீறியது என்று மட்டுமே சொல்கிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பி0171. எஞ்சினுக்குள் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது என்பது இதன் பொருள். இதைப் பார்த்தவுடன் ஆக்ஸிஜன் சென்சரை மாற்றுகிறார்கள், ஆனால் அந்தச் சென்சர் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் பிழையே பதிவாகியிருக்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ ஈடுகட்டுகிறது என்பதைக் காட்டும் எரிபொருள் திருத்த சதவீதத்தை ஸ்கேனரில் திறந்துகொண்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போது திருத்தம் கூட்டல் 15, 20 என்று ஏறியிருந்து, ஆக்ஸிலேட்டரை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்தவுடன் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால், எஞ்சினின் காற்றுப் பாதையோடு இணைந்த ஒரு வேக்யூம் ஹோஸ் எங்கோ கிழிந்திருக்கிறது: ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று குறைவு என்பதால் அந்தச் சிறு ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து சுமை ஏற ஏறத் திருத்தம் கூடினால், எரிபொருள் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்கில் புகை செலுத்திப் பார்க்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிறிய வேலைதான், ஆனால் இதற்குக் கொடுக்கும் கூலியைப் போலப் பயனுள்ள கூலி வேறில்லை என்பது என் கணிப்பு.

ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போகும் மிஸ்ஃபயருக்கும் இதேபோல் காசில்லாத சோதனை உண்டு. மூன்றாம் சிலிண்டரைக் குறிக்கும் பி0303 வந்தால், அதன் இக்னிஷன் காயிலை ஐந்தாம் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். பிழை பி0305 ஆக மாறினால் காயில் கெட்டுவிட்டது. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்ற வரிசையில் போகலாம். பி0420 வந்ததும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு விலை கேட்கத் தொடங்காமல், சைலன்ஸர் குழாயில் கசிவோ எஞ்சினில் மிஸ்ஃபயரோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் போட்ட புதிய கன்வர்ட்டரும் எரிந்துபோகும்.

4. உங்கள் மாடலின் பிறவிக் குறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு மாடலுக்கும் எல்லாக் கார்களிலும் ஒரே இடத்தில் வரும் குறைகள் சில உண்டு. அவற்றைத் தெரிந்துவைத்தால் சோதனை நேரம் பாதியாகும். 1990-களின் முதற்பாதியில் வந்த பல மெர்சிடிஸ் கார்களில் எஞ்சின் ஒயரிங்கின் மேலுறை வெப்பத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். ஒயரை மெதுவாக வளைத்தாலே உறை தூளாகக் கொட்டி, உள்ளிருக்கும் செம்பு தெரியும். இப்படி இருக்கும் காரில் எந்தச் சென்சரை மாற்றினாலும் பயன் இல்லை. மெர்சிடிஸ் எம்272 வி6 எஞ்சினின் தொடக்கக் காலத் தயாரிப்புகளில் எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பற்சக்கரம் தேயும், இதற்கு எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும். ஜாகுவார் எக்ஸ்308-இன் பெரும்பாலான வி8 எஞ்சின்களில், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை விரிசல் விட்டு உடைந்தால் எஞ்சின் பாழ். வாங்கிய உடனே வால்வு கவரைத் திறந்து அவை உலோக வகைக்கு மாற்றப்பட்டுவிட்டனவா என்று பார்த்துவிடுங்கள். பி.எம்.டபிள்யூ. ஈ65-இன் என்62 வி8 எஞ்சின் சிக்னலில் சிறிது நேரம் நின்றுவிட்டுப் புறப்படும்போது நீலப் புகை விட்டால், ஆயிலைத் தடுக்கும் ரப்பரான வால்வு ஸ்டெம் சீல்கள் இறுகிப்போய்விட்டன என்று பொருள்.

இன்னும் வாங்காமல் யோசித்துக்கொண்டிருப்பவர்கள், இந்தப் பெரிய வேலைகள் முடிந்ததற்கான பில் இருக்கும் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

5. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள்

மழைக்குப் பின் விசித்திரமான மின்பழுதுகள் வந்தால், காலடிக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி குழியைத் திறந்து பாருங்கள். சன்ரூஃபின் மூலைகளிலிருந்து இறங்கும் வடிகுழாய்களும், முன் கண்ணாடிக்குக் கீழே பேட்டரியோ பிரேக் பூஸ்டரோ உட்காரும் பள்ளத்தின் வடிகால்களும் இலைச் சருகால் அடைத்துக்கொள்வதே பொதுவான காரணம். பல கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கம்பளத்துக்கு அடியிலும் டிக்கியின் பக்கங்களிலும் இருக்கின்றன. வடிவமைத்தவர்கள் கார் என்றும் புதிதாகவே இருக்கும் என்று நினைத்தார்கள் போலும். வடிகுழாயைச் சுத்தம் செய்யக் கம்ப்ரெஸர் காற்றை அடிக்காதீர்கள், உள்ளே இணைப்பு கழன்றுவிடும். வளையும் நைலான் கம்பியே போதும். நனைந்த பெட்டியை உடனே மாற்ற வேண்டியதில்லை: பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்து, பச்சை படிந்த முனைகளைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்த பிறகு ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

ஸ்பீக்கர், ரேடியோ, போன் எல்லாம் ஒன்றாக ஊமையாகிவிட்டால், ஒளியைக் கடத்தும் இழையால் வளையமாக இணைக்கப்பட்ட பெட்டிகளில் ஒன்று செத்திருக்கும். அந்த வளையத்தில் எது அறுந்தாலும் எல்லாமே நிற்கும். ஒவ்வொரு பெட்டியாக விலக்கி, அதன் இடத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் இணைப்பியைச் செருகிப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

6. கூலண்ட்: முள்ளை நம்பாதீர்கள்

1990-களின் இறுதியிலிருந்து வந்த பல பி.எம்.டபிள்யூ. கார்களில், எஞ்சின் வெப்பம் சுமார் 75 டிகிரியிலிருந்து 110 டிகிரி வரை எதுவாக இருந்தாலும் டேஷ்போர்டின் வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் நகரத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். ஸ்கேனரில் உண்மையான வெப்பத்தைப் பாருங்கள். முள் சிவப்பைத் தொட்டால் அடுத்த பங்க் வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணாமல் அங்கேயே நிறுத்துங்கள், அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணிக்கொள்ள அந்தச் சில நிமிடங்களே போதும்.

கசிவைக் கண்டுபிடிக்க, எஞ்சின் முழுதும் குளிர்ந்த பின் கூலண்ட் டேங்கில் கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, அரை மணி நேரம் விடுங்கள். அழுத்தம் இறங்கி, வெளியே ஈரமும் இல்லை என்றால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டின் சோதனைக்குப் போங்கள்: டேங்கின் வாயில் வைத்த நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு கூலண்டுக்குள் வருகிறது. பிளாஸ்டிக் டேங்க், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மேல் ஹோஸ் ஆகியவற்றில் ஒன்று வயதால் உடைந்தால் மற்றவையும் அதே வயதுதான். கூலி ஒருமுறையே ஆகும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம்.  நிரப்பும்போது நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்காதீர்கள், காரின் கையேட்டில் உள்ள தர எண்ணைப் பாருங்கள். வெவ்வேறு வகைகள் கலந்தால் துருவைத் தடுக்கும் திறன் போய்விடும்.

7. ஏர் சஸ்பென்ஷன்: கம்ப்ரெஸரை மாற்றும் முன்

மெர்சிடிஸ் டபிள்யூ220, ஆடி ஏ8, ரேஞ்ச் ரோவர், ஜாகுவார் எக்ஸ்ஜே போன்ற கார்களை வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். காலையில் கார் குனிந்து நிற்கிறது; காற்றை ஏற்றும் கம்ப்ரெஸர் போய்விட்டது என்கிறார்கள்; புதியது மாட்டுகிறார்கள்; சில மாதங்களில் அதுவும் போகிறது. நடந்தது இதுதான்: எங்கோ ஒரு மெல்லிய கசிவு, அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடி ஓடி முதல் கம்ப்ரெஸர் செத்தது, கசிவு இருக்கும்வரை இரண்டாவதும் அதே வழியில்தான் போகும்.

முதலில் அளவெடுங்கள். இரவில் காரைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே உள்ள ஃபெண்டரின் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். காலையில் காரைத் திறக்காமலே மறுபடி அளந்துகொள்ளுங்கள். கதவைத் திறந்தால் சில கார்கள் தாமாகவே மட்டம் சரிசெய்துகொள்ளும் என்பதால் இந்த எச்சரிக்கை. ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்து ஏர் ஸ்பிரிங் அல்லது அதற்குப் போகும் குழாய். முன்பக்கமோ பின்பக்கமோ இரண்டும் சேர்ந்து இறங்கினால், சக்கரங்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்கைச் சந்தேகியுங்கள். இரவில் எதுவும் இறங்காமல், காலையில் உயர்த்தச் சொன்னால் மட்டும் மறுத்தால், அப்போதுதான் கம்ப்ரெஸரும், அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயும் விசாரணைக்கு வரும்.

சந்தேகப்பட்ட இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். கார் முழு உயரத்தில் நிற்க, ஏர் ஸ்பிரிங்கின் தலையில் குழாய் நுழையும் நட்டிலும், ரப்பர் மடிப்பின் அடிப்பகுதியிலும் தெளித்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பெரிய குமிழி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடுகளவு குமிழிகள் வெள்ளை நுரையாகத் திரண்டு, துடைத்தாலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப எழும். நட்டைச் சுற்றி நுரைத்தால் இணைப்பைப் புதுப்பித்தாலே போதும். ரப்பர் மடிப்பில் நுரைத்தால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

கம்ப்ரெஸரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் புதிய கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடி எரிந்துவிடும். புதிய ஏர் ஸ்பிரிங்கில் காற்று நிரப்பாமல் காரின் எடையை அதன் மேல் இறக்கக்கூடாது, மடிப்பு கசங்கிக் கிழியும். காற்றால் மட்டும் தாங்கப்படும் காருக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் போட்ட பிறகே உள்ளே போங்கள். மெர்சிடிஸின் ஏ.பி.சி. என்ற அமைப்பு இதிலிருந்து வேறானது; அதில் ஹைட்ராலிக் ஆயில் 200 பார் அளவு அழுத்தத்தில் ஓடுகிறது, சோப்புத் தண்ணீருக்கு அங்கே வேலையில்லை.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். செலவு குறைவுதான், ஆனால் எந்தச் சுகத்துக்காக இந்தக் காரை வாங்கினீர்களோ அதில் பாதி அந்த வேலையோடு போய்விடும்.

8. கியர்பாக்ஸ்: ஆயிலிலிருந்து தொடங்குங்கள்

ஆயுள் முழுதும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று கார் நிறுவனங்கள் எழுதிய பல கியர்பாக்ஸ்களுக்கு, அவற்றைத் தயாரித்த இசட்.எஃப். நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. தயாரித்தவர் பேச்சைக் கேளுங்கள்.

இந்த வேலையில் ஒரு விதியை மறக்கக்கூடாது: வடிக்கும் போல்ட்டைக் கழற்றும் முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து வராவிட்டால், ஆயில் இல்லாத கியர்பாக்ஸுடன் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த இசட்.எஃப். கியர்பாக்ஸ்களில் ஆயில் அளவை எஞ்சின் ஓடும்போது, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போதே பார்க்க வேண்டும். அதைவிடச் சூடானால் அளவு தவறும். கழற்றிய ஆயில் பேனில் (கியர்பாக்ஸின் அடித்தட்டில்) உள்ள காந்தத்தைக் கவனியுங்கள்: மையைப் போன்ற மெல்லிய சாம்பல் படிவு இயல்பான தேய்மானம், விரலில் குத்தும் துகள்கள் இருந்தால் ஆயில் மாற்றம் காப்பாற்றாது.

மெர்சிடிஸின் 722.6 கியர்பாக்ஸில் 13 முனை மின் இணைப்பியின் ரப்பர் வளையம் கசிந்து, ஆயில் ஒயருக்குள்ளாகவே ஏறிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விடும். அந்தப் பெட்டியின் இணைப்பியைக் கழற்றி, முனைகளில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான ஒரு இணைப்பியால் தீரக்கூடிய பழுது இது. 2000-களின் தொடக்கத்தில் வந்த சில மெர்சிடிஸ் கார்களில் ரேடியேட்டருக்குள்ளேயே கூலண்டும் கியர் ஆயிலும் கலந்துவிடும். மிதமான வேகத்தில் கார் அதிர்ந்தால், ஆயிலில் கூலண்ட் கலந்திருக்கிறதா என்ற சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். கலந்திருந்தால் ரேடியேட்டரை மாற்றாமல் கியர்பாக்ஸில் ஒரு காசும் போடக்கூடாது.

9. நீங்களே தொடக்கூடாதவை

மெர்சிடிஸ் டபிள்யூ211 இ-கிளாஸின் 2006 வரையிலான கார்களிலும் ஆர்230 எஸ்எல்-இலும் எஸ்.பி.சி. என்ற மின்னணு பிரேக் இருக்கிறது. கதவைத் திறந்தாலோ ரிமோட்டை அழுத்தினாலோ அதன் பம்ப் தானாக விழித்துப் பிஸ்டன்களைத் தள்ளும். ஸ்கேனரால் முடக்காமல் பிரேக் பேடை மாற்றினால் விரல் நசுங்கும். ஏர்பேக்கின் மஞ்சள் இணைப்பிகளை மீட்டரால் அளக்காதீர்கள். ஸெனான் ஹெட்லைட் எரியத் தொடங்கும்போது பல்லாயிரம் வோல்ட் பாய்கிறது. இந்த மூன்றுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள்.

10. பாகம் வாங்குவதும் செலவை அடுக்குவதும்

கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் பாகத்தைப் பெரும்பாலும் வேறொரு நிறுவனமே செய்து தருகிறது. அதே பாகம் போஷ், மாலே, லெம்ஃபர்டர், ஸாக்ஸ், பில்ஸ்டைன் போன்ற பெயர்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சிலவற்றில் கார் நிறுவனத்தின் முத்திரை சுரண்டப்பட்ட தழும்புகூடத் தெரியும். சஸ்பென்ஷன் கை, வாட்டர் பம்ப், சென்சர் ஆகியவற்றில் பெயர் தெரியாத மலிவுப் பாகங்களைத் தவிருங்கள். இவற்றில் கூலியே பெருஞ்செலவு, அதை இரண்டு முறை கொடுக்க நேரும்.

பழைய காரிலிருந்து கழற்றிய பாகம் கதவுக்கும் கண்ணாடிக்கும் நல்லது. ஆனால் சாவி, ஸ்டீயரிங் பூட்டு, எஞ்சின் கம்ப்யூட்டர் ஆகியவை பழைய காரோடு பிணைக்கப்பட்டவை. ஆடியின் பல பெட்டிகளும் வேறு காரில் மாட்டினால் பாதுகாப்புப் பூட்டுடன் நின்றுவிடும். மின்னணுப் பாகங்களை விற்றவர் பெரும்பாலும் திரும்ப எடுப்பதில்லை என்பதால், வாங்கும் முன் அது உங்கள் காருக்கு மாற்றிப் பதியக்கூடியதா என்று எழுத்தில் கேளுங்கள். ஏ.பி.எஸ். கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவற்றை உங்களுடையதையே அனுப்பிச் சரிசெய்து வாங்குவது, பதிவு வேலையையும் சேர்த்து மிச்சப்படுத்தும்.

பட்டறையிடம் சோதனைக் கூலியையும் பழுதுநீக்கும் கூலியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சோதனை முடிந்ததும் என்ன அளவு பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். ‘ஸ்கேனர் சொன்னது’ என்பது பதிலாகாது. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், பழையதைக் கொடுத்துவிட்டு மாற்றாக வாங்கிய பாகமானால் பழையதைப் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். பணம் எல்லாவற்றுக்கும் போதாதபோது பிரேக், டயர், ஸ்டீயரிங் முதலில்; கூலண்ட், ஆயில் கசிவு, டைமிங் செயின் அடுத்து; ஏ.சி., சஸ்பென்ஷன் அதற்குப் பிறகு. பிக்சல் உதிர்ந்த டிஸ்ப்ளே கடைசியில். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பழைய உரிமையாளர் அதிகம் ஓட்டாத காரில் பூ தேயாமலே டயர் காலாவதியாகியிருக்கும்.

11. வேலை முடிந்த பிறகு

சோதனைக்கு ஒரு நாளும் பாகம் வர ஒரு வாரமும் ஒதுக்காமல் காரைப் பட்டறையில் விடாதீர்கள். அவசரத்தில்தான் கிடைத்த பாகத்தை மாட்டுகிறார்கள். அன்றாடம் ஓட்ட இது ஒன்றே கார் என்றால், மாற்று ஏற்பாட்டின் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிழைகளை அழித்த பின் எஞ்சின் கம்ப்யூட்டர் தன் சுயசோதனைகளை முடிக்க, குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்து, நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாகப் பல நாள் ஓட்ட வேண்டியிருக்கும். எந்தச் சோதனை முடிந்தது, எது பாக்கி என்று மலிவான ஸ்கேனரும் காட்டும். எல்லாம் முடிந்ததாகக் காட்டி, பிழையும் திரும்ப வராதபோதுதான் பழுது தீர்ந்ததாகக் கொள்ளலாம். வாகன மாசுக் கட்டுப்பாட்டுக்கான புகைச் சோதனைக்கு அதற்கு முன் போனால், எஞ்சின் நன்றாக இருந்தாலும், சுயசோதனை முடியவில்லை என்ற காரணத்துக்காகவே பல இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். கடைசி ஸ்கேனின் அறிக்கையை அச்செடுத்து, பாக எண், தேதி, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றுடன் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.